காலில் ஒரு மூச்சு

புத்தகத்தின் மேல் கால் பட்டுவிட்டால், உடனே குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு. அது கம்ப ராமாயணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; போன வருஷத்துப் பஞ்சாங்கமாக இருந்தாலும் போதும். வாத்தியங்களுக்கும் அதே மரியாதைதான். தம்பூரா தரையில் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவோமே தவிர, தாண்டமாட்டோம். இப்படிப்பட்ட தேசத்தில், பாதியைக் கையாலும் மறுபாதியைக் காலாலும் வாசிக்க வேண்டிய ஒரு வாத்தியம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? ஊரெல்லாம் என்ன ஆயிற்றோ, எங்கள் வீட்டு மாடியில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

மாடியில் குடியிருப்பவன் இருபத்தாறு வயதுப் பையன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்கு ஆலையில் மின்சாரப் பிரிவில் வேலை. ஷிப்டு முடிந்து வந்ததும் குளிப்பான், சாப்பிடுவான், கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். எலெக்ட்ரிக் கிட்டார். அவன் காலடியில், சோப்பு டப்பா அளவில் ஐந்தாறு இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று நான்கு குமிழ்கள். மிதிப்பதற்கு ஒரு பொத்தான். கிட்டாரிலிருந்து புறப்படும் கம்பி இந்தப் பெட்டிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து வெளிவந்து, கடைசியில் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும். 'பெடல்' என்று பெயர்.

ஒரு பெட்டியை மிதித்தால் குரல் கரகரக்கும். இன்னொன்றை மிதித்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கும். மூன்றாவதுதான் விசேஷம். அதை மிதித்தால் கிட்டார் கிட்டாராகவே இருக்காது. ஆர்கன் மாதிரி, கொம்பு மாதிரி, பெயர் தெரியாத ஏதோ ஒரு பறவை மாதிரியெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். அது சிந்தசைஸர் பெடல்.

மனைவி காலமான பிறகு பையனின் தகப்பனார் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இங்கே வந்து அவனோடு தங்கினார். நாதஸ்வர வித்வான். வந்த மூன்றாம் நாளே மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் ஐயா, நீங்க எழுதறவங்களாமே. நாலும் தெரிஞ்சிருக்கும். வாத்தியத்தை மிதிக்கிறானே, இது அடுக்குமா?"

எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் கிட்டார். மரக் கிட்டாரில் மரம் பாடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. எஃகுத் தந்திக்கு அடியில் காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தை வழியில் மடக்கி, அதன் உருவத்தை மாற்றி அனுப்புவதுதான் பெடலின் தொழில்.

இந்தத் தொழில் பழக்கத்துக்கு வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகருக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் என்பவர் பேஸ் கிட்டார் வாசிக்கும்போது ஒலிப்பதிவுக் கருவியில் ஏதோ பழுது. கிட்டார், தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்தது. நம் ஊராக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்போம். அவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961-ல் அந்தப் பாட்டு வெளிவந்து பெயர் வாங்கியது. பதிவு செய்த கிளென் ஸ்னாடி என்ற பொறியாளர், அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்கும் ஒரு பெட்டியை அமைத்தார். 1962-ல் அது 'ஃபஸ்-டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதை வைத்து ஒரு பாட்டு வாசித்தார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் கிட்டார்க்காரர்கள் காலால் மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிந்தசைஸர் வேறு வம்சம். ராபர்ட் மூக் என்ற அமெரிக்கர் 1964-ல் தமது சிந்தசைஸரைக் கொண்டுவந்தார். அது மின்சாரத்திலிருந்தே ஒலியைப் பிறப்பிக்கும் யந்திரம். ஆனால் அதை வாசித்தது ஹார்மோனியம் போன்ற கட்டைகளை வைத்து. கட்டையில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தக் கட்டையை அழுத்தினோமோ அதுதான் ஸ்வரம். யந்திரத்துக்குச் சந்தேகமே வராது. தந்தி அப்படி இல்லை. அதை இழுக்கலாம், வழுக்கலாம், நடுக்கலாம். எந்த ஸ்வரம் என்று யந்திரம் காது கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, தந்தியின் ஒலியையே எடுத்துக்கொண்டு அதைச் சதுரமாக வெட்டி, பாதியாக வகுத்துக் கீழ் ஸ்தாயியை உண்டாக்கி, வடிகட்டியைத் திறந்து மூடிக் குரலை மாற்றுவது. 1970-களின் கடைசியில் நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனி விற்ற 'மைக்ரோ சிந்தசைஸர்' இந்த வகை. இன்னொன்று, தந்தி எந்த ஸ்வரம் சொல்கிறது என்று கணக்கிட்டு, அதே ஸ்வரத்தில் புதிதாக ஓர் ஒலியைப் பிறப்பிப்பது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1977-ல் இதற்கென்றே தனிக் கிட்டாரும் தனிப் பெட்டியும் சேர்த்துக் கொண்டுவந்தது. தனிக் கிட்டார் எதுவும் தேவையில்லாமல், சாதாரணக் கிட்டாரைச் செருகினால் போதும் என்ற அளவுக்கு இன்று பெட்டி சுருங்கிவிட்டது. அதே கம்பெனி 'பாஸ்' என்ற பெயரில் 2020-ல் வெளியிட்ட சிறு பெடல் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருக்கின்றன.

கணக்கிடும் யந்திரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைப் பையன் எனக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினான். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 82 தடவை அதிர்கிறது. ஒரு தடவை அதிர்ந்து முடிக்கவே ஒரு விநாடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு நேரம் ஆகிறது. ஒன்றிரண்டு அதிர்வாவது முடிந்தால்தான் இன்ன ஸ்வரம் என்று யந்திரத்துக்குத் தெரியும். உயர்ந்த தந்தி சுமார் 330 தடவை அதிர்வதால் அது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

"தாழ்ந்த குரல்ல பேசறவங்களைப் புரிஞ்சுக்க அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் சார்" என்றான்.

"மனுஷனுக்கும் அப்படித்தானேப்பா" என்றேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. விரல் அசிரத்தையாகப் பக்கத்துத் தந்தியில் உரசினால், சாதாரணக் கிட்டாரில் அது காதில் விழாமல் போய்விடும். இந்தப் பெட்டி அதையும் ஒரு ஸ்வரமாக எண்ணிக்கொண்டு உரக்கச் சொல்லிவிடும். நூறு குரல் கொடுக்கிற பெட்டி, அதற்கு விலையாகச் சுத்தமான கையைக் கேட்கிறது. 'பட்டனைத் தட்டினால் பாட்டு வந்துவிடும்' என்று நினைத்திருந்த எனக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. பையன் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதன் காரணமும் விளங்கியது.

பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு மாதம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பையன் குமிழ்களைத் திருகித் திருகி, நாதஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஒரு சத்தத்தைப் பிடித்தான். நான் அசந்துபோனேன். பெரியவர் தலையை ஆட்டினார்.

"சத்தம் வருது. ஆனா யாரோ பின்னாலேருந்து பிடிச்சுத் தள்ளின மாதிரி வருது. ஊதினா அப்படி வராதுடா. மூச்சு முன்னாடி போகும். நாக்கு அப்புறம் தொடும். அதுக்கப்புறம்தான் சத்தம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். மீட்டுகிற தந்தி பிறக்கும்போதே உரக்கப் பிறந்து, பிறகு தேய்ந்துகொண்டே போகிறது. நாதஸ்வரம் நேர்மாறு. சீவாளியில் காற்றுப் புகுந்து, ஒலி மெல்லத் தலைகாட்டி, ஊதுகிறவர் விரும்புகிற வரையில் வளரும். தந்தியின் முகத்தை எத்தனை மாற்றினாலும் பிறப்பு மாறவில்லை என்பதைப் பெரியவரின் காது பிடித்துவிட்டது.

"அந்தக் காலத்துல ஸ்பெஷல் நாடகத்துல பின்பாட்டுக்காரர் கால் ஹார்மோனியம் வாசிப்பார். கை கட்டையில இருக்கும், கால் துருத்தியில இருக்கும். கால்தான் அவருக்கு மூச்சு. அழுத்தி மிதிச்சா வீரம், மெதுவா மிதிச்சா சோகம். உன் கிட்ட அந்த மாதிரி கால் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஒலியளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடல் ஒன்று, உபயோகமில்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தையல் மிஷின் மிதி மாதிரி முன்னும் பின்னும் சாயும். பையன் அதை எடுத்து வரிசையில் சேர்த்தான். காலைப் பின்னால் சாய்த்து ஒலியை அடக்கிக்கொண்டு தந்தியை மீட்டினான். மீட்டிய அடி காதில் விழாமல் மறைந்தபின் காலை மெல்ல முன்னால் சாய்த்தான். ஒலி எங்கிருந்தோ நடந்து வருவது போல வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். வாத்தியத்தை மிதிக்கலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் எழுப்பவே இல்லை. தமக்குத் தெரிந்த ஒரு மிதியை அதில் கண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவரைப் போல் எல்லோருக்கும் சமாதானம் ஆகிவிடுவதில்லை. 'இது நம்முடையதா?' என்ற கேள்வி எப்போதும் கிளம்பும். ஹார்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது; நம் கமகம் அதில் பேசாது என்பது அதன்மேல் சொன்ன முக்கியமான குற்றச்சாட்டு. ஆனால் நம்முடையது என்று இன்று நாம் சத்தியம் செய்கிற பிடிலும் வந்ததுதானே? அது எங்கே வந்தது தெரியுமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரெயில் எண்ணூரைத் தாண்டித் திருவொற்றியூரை நெருங்கும்போது, மேற்கே மணலியின் புகைபோக்கிகள் தெரியும். 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்த இடம். முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். முத்துசுவாமி தீக்ஷிதரின் குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் அங்கேதான் வாழ்ந்தது. தீக்ஷிதரின் தம்பி பாலுசுவாமி, 1786-ல் பிறந்தவர், அந்த ஆதரவிலேயே ஓர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்றார். கர்நாடக சங்கீதத்துக்குப் பிடில் வந்த வழிகளில் முதன்மையானது அது. பிடிலுக்கு மெட்டு இல்லை. விரல் வழுக்கினால் ஸ்வரமும் வழுக்கும். கமகத்துக்கு வழிவிட்டது, ஆகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

பெடலுக்கும் அதே பரீட்சைதான். பையனிடம் இரண்டு வகைப் பெட்டியும் உண்டு. கணக்கிடுகிற பெட்டி, தோடியின் காந்தாரத்தை அசைத்தால் தடுமாறுகிறது; இது ஒரு ஸ்வரமா, மூன்று ஸ்வரமா என்று அதற்குக் குழப்பம். புதிய பெட்டிகள் எவ்வளவோ தேறிவிட்டன என்கிறான். ஆனாலும் அவன் கை நாடுவது பழைய வகையைத்தான். அது எதையும் ஊகிப்பதில்லை. தந்தி எப்படி அசைந்ததோ அந்த அசைவையே எடுத்து வேறு சட்டை போட்டு அனுப்புகிறது. விரலின் கமகம் சேதமில்லாமல் மறுபக்கம் போய்ச் சேருகிறது.

பையன் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிட்டார் வித்வான், 1970-களில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும், எல். சங்கரின் பிடிலோடும், ஜாகிர் உசேனின் தபலாவோடும் 'சக்தி' என்ற குழுவில் வாசித்தவர், 2007-ல் சென்னைக்கே வந்து 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' என்ற இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். சசாங்கின் புல்லாங்குழலும் யு. ராஜேஷின் மாண்டலினும் அதில் உண்டு. அவர் கையில் கிட்டார் சிந்தசைஸர். மேற்கே பிறந்த சங்கதி இங்கே வந்து நம் வித்வான்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது.

சங்கீதத்தைப் பற்றிய தகராறு இவ்வளவோடு தீர்ந்திருக்கும். ஆனால் ஆவணி மாதத்தில் கல்யாண கான்ட்ராக்டர் ஒருவர் மாடியேறி வந்தார். பந்தல், பூ, சாப்பாடு, மேளம் எல்லாம் மொத்தமாக எடுத்துச் செய்கிறவர். பையனின் வாசிப்பை யாரோ செல்போனில் அனுப்பி அவர் கேட்டிருந்தார்.

"தம்பி, அந்த நாயனச் சத்தம் ஒண்ணு வாசிச்சியே, அது போதும். நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, தாளம்னு அஞ்சு பேரைக் கூட்டிட்டு வர்றதுக்கு நீ ஒருத்தன் வந்துடு. தவிலை நான் மிஷின்ல போட்டுக்கறேன். ரெண்டு பேர் சம்பளம் உனக்குத் தரேன். ஆவணியில மட்டும் ஏழு முகூர்த்தம் கையில இருக்கு."

பெரியவர் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த ஆவணியில் அவருக்கு ஒரு முகூர்த்தம்கூட வந்திருக்கவில்லை. ஊரை விட்டு வந்துவிட்ட வித்வானை யார் கூப்பிடுவார்கள்? பையனுக்கோ, ஆலையில் ஓவர்டைம் நின்று போயிருந்தது. தாயாரின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனில் பாதி பாக்கி. நானும் அங்கே இருந்தேன். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

"என் சத்தத்தை எங்கே வேணாலும் வாசிக்கிறேண்ணா. ரிசப்ஷன்ல கூப்பிடுங்க, வரேன். முகூர்த்தத்துல அப்பா சத்தத்தை வாசிக்க மாட்டேன்" என்றான் பையன்.

கான்ட்ராக்டர் கோபக்காரர் அல்ல. சிரித்தார். சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெரியவரின் நாதஸ்வர உறைக்குப் பக்கத்தில் அவருடைய எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருந்தது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல உங்களுக்கு ஒத்து ஊத ஓர் ஆள் வந்திருப்பாரில்ல? அவர் சம்பளத்தை இந்தப் பெட்டிதானே சாப்பிட்டுச்சு?"

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பெரியவர் பெட்டியைப் பார்த்தார்.

"வாஸ்தவம்தான். அவன் என்னோட பதினோரு வருஷம் ஊதினான். பெட்டி வாங்கினப்போ நான் அவனை நினைக்கலை" என்றார்.

இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை உறுத்தியிராது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதைகளில் கிழவிகள் பேசுகிறார்கள், வண்டிக்காரர்கள் பேசுகிறார்கள், நான் ஒருபோதும் செய்யாத தொழில்களைச் செய்கிறவர்கள் பேசுகிறார்கள். எல்லாம் இரவல் குரல்தான். அதில் குற்றமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு வண்டிக்காரர் குரலில் நான் எழுதுவதால் எந்த வண்டிக்காரருக்கும் சவாரி குறைவதில்லை. பையன் பறவைக் குரலில் வாசித்தால் எந்தப் பறவைக்கும் நஷ்டமில்லை. ஒருவருடைய குரலை எடுத்துக்கொண்டு அவருடைய பாயிலேயே போய் உட்காரும்போதுதான் விஷயம் வேறாகிறது. யந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு இரண்டும் ஒரே மின்சாரம். மிதிக்கிற காலுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரிய வேண்டும்.

அப்படித் தெரிந்துகொண்டதால் உலகம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. அந்த ஏழு முகூர்த்தங்களில் ஒன்று எங்களுக்குத் தெரிந்த வீட்டுக் கல்யாணம். பொன்னேரியில் ஒரு மண்டபம். போயிருந்தேன். 'கெட்டி மேளம்' என்று புரோகிதர் விரலை ஆட்டியதும், மேடையோரத்தில் இருந்த ஒரு பையன் கணினியில் எதையோ தட்டினான். எந்த ஊரிலோ எப்போதோ யாரோ ஊதிய நாதஸ்வரம் பெரிய பெட்டிகளிலிருந்து கிளம்பியது. தாலி ஏறி முடிந்த பிறகும் அது தன்பாட்டுக்கு இன்னும் அரை நிமிஷம் முழங்கிக்கொண்டிருந்தது. அட்சதை போட்டுவிட்டு வந்தேன். மாடியில் கேட்டபோது, சாப்பாடு பிரமாதம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆலையில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் மேளம் உண்டு. இந்தத் தடவை பையன் சொல்லிப் பெரியவரை அழைத்தார்கள். கூடவே தவிலுக்கு மீஞ்சூரிலிருந்து ஒருவர். பையன் கீழே அமர்ந்து ஒத்துப் போலக் கிட்டாரில் சுருதி பிடிப்பது என்று ஏற்பாடு. சுருதிப் பெட்டி அன்றைக்கு வீட்டிலேயே இருந்தது. முன்தினம் மாலை ஒத்திகைக்கு நானும் போனேன்.

ஒத்திகை உருப்படவில்லை. உலையும் மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அலைவது. அந்த அதிர்வைக் கிட்டாரின் காந்தச் சுருள், தந்தியின் அதிர்வைப் போலவே வாங்கிக்கொள்கிறது. நூறிலும் ஒரு ரீங்காரம் எழுகிறது. அவன் எந்தப் பெடலை மிதித்தாலும் அந்த 'ம்ம்ம்' முன்னால் வந்து நின்றது. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு கட்டை சுருதிக்குப் பஞ்சமம் மாதிரி இருக்குடா. ஆனா சேரலை. ஒரு நூல் தூக்கலா நிக்குது."

ஒரு கட்டைக்குக் கீழ் ஸ்தாயிப் பஞ்சமம் விநாடிக்குத் தொண்ணூற்றெட்டு, ரீங்காரம் நூறு. அவருக்கு இந்த எண்கள் தெரியாது. பையன் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்துவிட்டு, என்னிடம் காகிதத்தைக் காட்டி வாயடைத்து நின்றான்.

மறுநாள் இயந்திரங்களுக்கு ஓய்வு. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாவிலை. வருஷம் முழுவதும் ஓயாத அந்தக் கூடத்தில் அன்றைக்குப் புறாக்களின் சிறகடிப்புக் கேட்டது. ரீங்காரம் அடங்கியிருந்தது. கிட்டாரின் தாழ்ந்த ஸ்வரம் காலின் சாய்வில் மெல்ல எழுந்து கூடத்தை நிரப்பி நின்றது. பெரியவர் சீவாளியை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாட்டையில் ஆரம்பித்தார். உலைக்காரர்கள் குளித்துப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

சம்பாவனை கையில் வந்ததும், பையன் புதிதாக ஒரு பெடல் வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"வாங்கிக்க. முதல்ல எனக்கு ஒரு கட்டு சீவாளி வாங்கிக் கொடு. கையில இருக்கிறது ரெண்டும் வாய் பிளந்து போச்சு" என்றார் பெரியவர்.

கும்பகோணத்துப் பக்கம் சொல்லியனுப்பிச் சீவாளி வந்துவிட்டது. பெடல் இன்னும் வரவில்லை. கடன் அடையட்டும் என்று காத்திருக்கிறான்.